டீ குடிக்கப் போன எழுத்துகள்

சமஸ்கிருதச் சந்தி சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: போட்டிக்கு ஆளே கிடையாது. எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பதினோரு டைலர்கள் இருந்தார்கள், ஏழு சைக்கிள் கடைகள் இருந்தன, பல் பிடுங்குகிறவர்கள்கூட இரண்டு பேர். சந்தி வாத்தியார் நான் ஒருத்தன்தான். பெரியவர்களுக்குப் பாடம் எடுத்து நொந்துபோன புண்ணியவான்களே, புண்ணியவதிகளே! தையலோ, டிரைவிங்கோ, ஆர்மோனியமோ, எதைச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் சரி, நீங்களும் நானும் ஒரே ஜெயிலில் இருந்தவர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

சந்தி என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: சமஸ்கிருதத்தில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் சும்மா நிற்காது. முதல் சொல்லின் கடைசி ஒலியும் அடுத்த சொல்லின் முதல் ஒலியும் இடித்துக்கொள்ளும். ஒன்று காணாமல் போகும். இல்லாவிட்டால் இரண்டுமே போய் மூன்றாவதாக ஒன்று வந்து உட்காரும். ‘சூர்ய’, ‘உதய’ என்று இரண்டு பேர் வந்தால் ‘சூர்யோதய’. அகரமும் உகரமும் எங்கே? போயாச்சு. ஓகாரம் எப்போது வந்தது? யாருக்குத் தெரியும்! திருவிழா நாளில் அரூர் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மாடியில் பத்துப் பேர்

பகலில் நான் ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூட்டைக்கு எடை போடுகிறவன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டையிலிருக்கும் மாவைத் தட்டிவிட்டால் வாத்தியார். வகுப்பு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மேலே ஓட்டு மாடியில். படிக்கிறவர்கள் பத்துப் பேர். அதில் நாலு பேர் பஜனைக் கோஷ்டி. எங்கே போனாலும் நாலு பேரும் சேர்ந்தேதான் போவார்கள். மூன்று பேர் ஜோசியர்கள். மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். மீதி மூன்று பேரில் ஒருவன் சேலம் பஸ் கண்டக்டர் கோவிந்தன். அவனுடைய டிரைவர் தினமும் வண்டி எடுக்கும்போது சுலோகம் சொல்வார். அதில் தப்புக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதற்காகவே படிக்க வந்தவன். இன்னொருவர் பிலோமினா. வைத்தியர் கடையில் மருந்து இடிக்கிற அம்மாள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்தாவது ஆள் மணியக்காரர் முனியப்பன். வயது அறுபத்திரண்டு. தாத்தா காலத்திலிருந்து, வரி வசூலிக்கிற கிராம மணியம் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் பரம்பரை மணியத்தை எடுத்துவிட்டது. பதவி போனாலும் மீசையும் குரலும் போகவில்லை. முதல் நாளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். “இந்த வயசுல எதுக்குங்க சமஸ்கிருதம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்:

“அறுவது வருசமா கோயில்ல என் பேரைச் சொல்லி ஐயரு என்னமோ சொல்றாரு. வாழ்த்தறாரா வையறாரான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் சாவணும்.”

பதினோராவது சரக்கு

நாகப்ப வைத்தியர் கடைத் தைலம் அந்தக் காலத்தில் ரொம்பப் பிரசித்தம். ஒரு சொட்டு கீழே சிந்தி, அதை மிதித்த கோழி மூன்று மைல் ஓடியது என்பார்கள். நானும் பார்த்தேன், இரண்டு மைல்தான் இருக்கும். தைலத்துக்கு என்னென்ன சேர்க்கவேண்டும் என்பதெல்லாம் சமஸ்கிருதச் செய்யுள். செய்யுளில் சரக்கின் பெயர்கள் சந்தியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சாக ஓடும். வைத்தியர் கண்ணை மூடி மனப்பாடமாகச் சொல்வார். பிலோமினா அதைக் காதால் கேட்டபடி வேரும் பட்டையுமாக எடுத்து இடிப்பார். இருபது வருடமாக உலக்கைதான். தோள்பட்டை தேய்ந்துவிட்டது.

ஒரு நாள் நான் இருமலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். பாயில் சரக்கெல்லாம் பரப்பியிருந்தது. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. “போடும்மா” என்றார் வைத்தியர். பிலோமினா போடவில்லை. செய்யுளை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சரக்காகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். பாயில் பத்து இருந்தது, செய்யுளில் பதினொன்று. நான் சொல்லிக்கொடுத்த பாடம் அடுப்படியில் போய் வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். வைத்தியர் கண்ணைத் திறந்து பாயைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“தைலம் காய்ச்சற வேலைய நீயே பாத்துக்க தாயி, எனக்கும் கண்ணு மங்கிப்போச்சு, ஆனா பரீட்சை பாஸ் பண்ணுன காயிதம் ஒண்ணு கொண்டாந்துரு, இல்லாட்டி இடிக்கறவளை அடுப்புல ஒக்கார வெச்சேன்னு எம் மருமவன் குதிப்பான்.”

சேலத்திலிருந்து வந்த தபால்

காகிதம் என்றால் ஆரம்பப் பரீட்சைச் சான்றிதழ். பரீட்சை சேலத்தில், இரண்டு நாள். பிலோமினா வீட்டில் கைகால் விழுந்த மாமியார். காலையில், மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். செய்ய வேறு ஆளில்லை. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. சேலத்தில் இரண்டு நாள் தங்குவதெல்லாம் நடக்காத காரியம். சரி, நம் ஊரிலேயே பரீட்சை வைக்கச் சொல்வோம் என்று மனுப் போட்டேன். பரீட்சைக் குழுவிலிருந்து பதில் வந்தது: எங்கள் ஆய்வாளர் நேரில் வருவார், வகுப்பில் பத்து மாணவர்களைக் கண்ணால் பார்த்தால் உங்கள் ஊருக்குப் பரீட்சை மையம் உண்டு, ஒன்று குறைந்தாலும் கிடையாது.

பத்து! நம்மிடம் சரியாகப் பத்து! மொரப்பூரில் நின்ற ரயில் கிளம்பிவிடுமளவுக்குக் கத்தினேன். கீழே டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் தப்பான எழுத்தைத் தட்டினார்கள். பஜனைக் கோஷ்டி எழுந்து ஆடியது. பிலோமினா மட்டும் தபாலை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து என்னிடம் கொடுத்தார்:

“பத்தும் நல்ல பத்துதாங்க சார். ஆனா இதுல எத்தினி அன்னிக்கி வந்து சேரும்னு அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.”

கழுத்தில் சிலேட்டு

ஆய்வாளர் அசந்துபோகவேண்டும் என்று நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு சிலேட்டைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். நீ மஹா, நீ இந்த்ர, இடித்துக்கொள்கிற ‘ஆ’வுக்கும் ‘இ’க்கும் தனித்தனி ஆள். சேருங்கள்! ‘ஆ’ வெளியே போ, ‘இ’ வெளியே போ, ‘ஏ’ உள்ளே வா! மஹேந்த்ர! போகிறவர் ஓரமாக நிற்கக்கூடாது. ஓரமாக நின்றால், போனவர் யார், இருப்பவர் யார் என்று பார்க்கிறவனுக்குக் குழம்பும். அறையை விட்டே போகவேண்டும். படிக்கட்டில் நின்று, அடுத்த பாடத்துக்குத் திரும்பி வரவேண்டும். “போன்னா போவணும்” என்பது என் சட்டம்.

அடடா, அந்த மூன்று வாரம்! புத்தகத்தில் செத்துக் கிடந்த விதியெல்லாம் எழுந்து ஓடியது. ஒருவர் படியிறங்குவார், ஒருவர் ஏறுவார், நடுவில் இடித்துக்கொள்வார்கள், அதற்கும் ஒரு விதி சொல்வேன். பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் தவறவிட்டவர்கள் பாதிப் பேர் எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றவர்கள்தான். ஒரு நாள் கீழேயிருந்து டைப்ரைட்டிங் ராஜம் டீச்சர் பாதிப் படி ஏறி வந்து, மூச்சு வாங்கக் கேட்டார்:

“சார், மேல பாடம் நடக்குதா, இல்ல யாருக்காவது பேயோட்டறீங்களா? பேய்னா சொல்லிடுங்க, என் பொண்ணுங்களை நேரத்தோட வூட்டுக்கு அனுப்பிடறேன்.”

மூன்று கிரகங்கள்

ஜோசியர்கள் மூவரையும் சேர்த்துவைப்பதற்குள் என் தலையில் மிச்சமிருந்த முடியும் போயிற்று. கந்தசாமி ஜோசியரைப் பெருமாள் ஜோசியர் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்ப்பார்கள். மூன்றாமவர் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டுவார். ஏதோ கல்யாணப் பொருத்தத்தில் ஒருவர் ‘உத்தமம்’ என்றதை அடுத்தவர் ‘ஆகாது’ என்றதில் வந்த தகராறு. அந்தக் கல்யாணம் நடந்து, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கே காதுகுத்தும் ஆகிவிட்டது. இவர்கள் தகராறு மட்டும் தீரவில்லை.

கடைசியில் இலக்கணமே கைகொடுத்தது. இரண்டு இரண்டாக வருவதைக் குறிக்கும் சில சொற்கள் உண்டு. பக்கத்தில் யார் வந்தாலும் சேராமல் அப்படியே நிற்கும். சேராமல் நிற்பதற்கும் சாஸ்திரத்தில் விதி இருக்கிறது! அந்தப் பாடத்துக்கு இவர்களை நிறுத்தினேன். என்னமாய் நின்றார்கள்! கல்லில் அடித்துவைத்த மாதிரி. வகுப்பே கைதட்டியது. கந்தசாமி ஜோசியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெருமாள் ஜோசியர் காதில் விழும்படி சொன்னார்:

“சேராம நிக்கறதும் இலக்கணந்தான்னு சாஸ்திரமே சொல்லுது பாத்தீங்களா சார்? இத்தினி வருசமா நான் மட்டுந்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

மணியக்காரர் வெளியே போகவில்லை

ஆய்வாளர் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. ‘தே’, ‘அபி’ என்று இரண்டு சொல். சேரும்போது நடுவிலுள்ள ‘அ’ அப்படியே மறைந்துவிடும். ‘அ’ சிலேட்டை மணியக்காரர் கழுத்தில் மாட்டியிருந்தேன். யோசித்து மாட்டவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. “அ, வெளியே போ!” என்றேன். அவர் போகவில்லை. பழக்க தோஷத்தில் இன்னும் சத்தமாக, “போன்னா போவணும்!” என்றேன். 

மணியக்காரர் சிலேட்டைக் கழற்றி, ஜன்னல் திண்டில் மெதுவாக வைத்தார். அவர் குரல் உயரவேயில்லை. என்னிடம் முதல் தடவையாக ‘ங்க’ போட்டுப் பேசினார்:

“ஒருக்கா கவர்மெண்டு என்னை வெளிய போவச் சொல்லுச்சு, சாவிய குடுத்துட்டுப் போனேன். ரெண்டாந்தடவை யாரு சொன்னாலும் போவ மாட்டேனுங்க வாத்தியாரே.”

மஞ்சக்காட்டில் ஒரு பேச்சுவார்த்தை

அப்படிச் சொன்னவர் மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. பத்து ஒன்பதாயிற்று. நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். “வூட்ல இல்ல” என்று அவரே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மூன்றாவது தடவை பிலோமினா என்னை நிறுத்திவிட்டு, தான் போனார். மணியக்காரர் மஞ்சள் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் காட்டுக் கரும்புத் தோகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டேன். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

“நீங்க வரலைன்னா எனக்கு அடுப்பு இல்லீங்கய்யா, ஒலக்கைதான்” என்றார் பிலோமினா. அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். மணியக்காரர் மண்வெட்டியை ஊன்றினார். “வாத்தியாரு திமிரு புடிச்சவன்” என்றார். “ஆமாங்கய்யா” என்றார் பிலோமினா, ஒரு நொடிகூட யோசிக்காமல். அதற்குப் பிறகு மணியக்காரர் சொன்னதைக் கேட்டு நான் தோகைக்குள் குதித்தே விட்டேன், காலில் முள்:

“வரேன் கண்ணு. ஆனா வெளிய போற எழுத்து நான் இல்ல. அதைக் கோவிந்தன் கழுத்துல மாட்டச் சொல்லு. அந்தக் கரும்புக்குள்ள நிக்கறவனுக்கும் காது கேட்டிருக்கும்.”

நேரில் கண்ட எண்ணிக்கை

சனிக்கிழமை மத்தியானம் ஆய்வாளர் வந்தார். ஒல்லி, குடை, பேசினால் காசு போய்விடும் என்கிற மாதிரி உதடு. கையில் ஒரு படிவம். அதில் ‘நேரில் கண்ட எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம். பத்துப் பேரும் சிலேட்டோடு வரிசையாக நின்றார்கள். ஜோசியர்கள்கூடக் குளித்து வந்திருந்தார்கள். “பாடத்தைப் பார்த்துவிட்டு எண்ணுகிறேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்தார் ஆய்வாளர். நான் விட்டேன் பாருங்கள் குரல்! மஹா, இந்த்ர! இரண்டு பேர் வெளியே! ஏ வந்தது! சூர்ய, உதய! பஜனை ஆள் ஒருவரும் கோவிந்தனும் வெளியே! ஓ வந்தது! எல்லாம் மின்னல் மாதிரி நடந்தது. ஆய்வாளரின் புருவம் ஒரு நூல் ஏறியது. அடுத்தது ‘தே’, ‘அபி’. “அ, முன்னால வா!” என்றேன். வரவில்லை. படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு ஈ காக்கை இல்லை.

ஆய்வாளர் எழுந்து விரலை நீட்டி எண்ணினார். ஆறு. நான் போட்ட சட்டம் என் காலையே வாரிவிட்டது. போ என்றால் போகவேண்டும், போய்விட்டார்கள். முதல் தடவை பெரிய மனுஷன் முன்னால் நின்ற பதட்டத்தில் நாக்கு வறண்டு, படிக்கட்டில் நிற்காமல் நேராக டீக்கடைக்கே போய்விட்டார்கள். விழுந்தடித்து ஓடி, கிளாஸும் கையுமாக மூன்று பஜனை ஆட்களை இழுத்து வந்தேன். ஒன்பது. கோவிந்தன்? அவனுக்கு நாலேகால் டியூட்டி. தன் எழுத்து வெளியே போனதும் தன் வேலை முடிந்தது என்று நினைத்து வண்டிக்குப் போய்விட்டான். நான் கெஞ்சினேன். ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார். பிலோமினா சிலேட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றார். ஆய்வாளர் என்னிடம் சொன்னார்:

“ஒன்பதைப் பத்தாக்க என்னிடம் சூத்திரம் இல்லை. எனக்கும் நாலேகால் பஸ், நான் கிளம்புகிறேன்.”

ஓடுகிற வகுப்பறை

‘எனக்கும் நாலேகால் பஸ்’ என்று அவர் சொன்னது ஐந்து விநாடி கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது. சேலத்துக்கு நாலேகாலுக்கு ஒரே பஸ்தான்! ஒன்பது பேரும் நானுமாகப் படியில் உருண்டு, அவர் பின்னால் ஓடி, கிளம்பிய வண்டியில் தொற்றிக்கொண்டோம். ஆய்வாளர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்திருந்தார். “டிக்கெட், டிக்கெட்” என்று காக்கிச் சட்டை ஒன்று நெருங்கி வந்தது. கையில் பை, வாயில் விசில், கழுத்தில் சிலேட்டு, சிலேட்டில் பெரிதாக ‘உ’. கோவிந்தன் அதைக் கழற்றவே மறந்திருந்தான்! அந்த ஆய்வாளர் சிரித்தார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், சிரிக்கவில்லை. ஆனால் மறுபடியும் விரலை நீட்டி எண்ணினார். “பத்து” என்றார். பஸ்ஸே ஆரவாரம் செய்தது. உடனே, “பாடம் பாதியில் நிற்கிறதே. வகுப்பு முடியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?” என்றார்.

அதற்கென்ன! பிலோமினா ‘தே’. கந்தசாமி ஜோசியர் ‘பி’. கோவிந்தா, நீதான் நடுவில் ‘அ’. “அ, வெளியே போ!” என்றேன். கோவிந்தன் திருதிருவென்று விழித்தான். “நான் எறங்கிட்டா விசில் யாரு சார் அடிக்கறது?” நியாயம்தான். “அப்போ ஓரமா நில்லு” என்றேன். “வகுப்பில் ஓரமாக நிற்கவில்லையே, வெளியேதானே போனார்கள்” என்றார் ஆய்வாளர். வேறு யாராவது இறங்கவேண்டும். வெளியே பார்த்தேன். பங்குனி வெயில், ஊர் மூன்று மைல் பின்னால், மஞ்சவாடிப் பக்கம் மலை முன்னால், அடுத்த பஸ் ஐந்தரைக்கு. பஜனைக் கோஷ்டி ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தது. ஜோசியர்கள் மூன்று பேரும் முதல் தடவையாக ஒரே பக்கம் பார்த்தார்கள்.

மணியக்காரர் எழுந்தார். கோவிந்தன் கழுத்திலிருந்த சிலேட்டைக் கழற்றினார். துண்டால் ‘உ’வை அழித்தார். பலப்பத்தை என்னிடமிருந்து வாங்கி, கிராம வரி ரசீதில் கையெழுத்துப் போட்ட அதே கையால் ‘அ’ என்று எழுதி, தன் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டு பிலோமினா பக்கத்தில் போய் நின்றார். “கோவிந்தா, அடி விசில” என்றார். வண்டி நின்றது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, வெயிலில் போய் நின்றார். உள்ளே ‘தே’வும் ‘பி’யும் ஒட்டி நின்றன. பாடம் முடிந்தது. ஆய்வாளர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பேனாவைப் பிடித்தபடி கேட்டார், “பெரியவரே, உங்களைச் சேர்த்து எழுதவா, சேர்க்காமல் எழுதவா?” மணியக்காரர் மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார்:

“சேத்தே எழுதுங்க. நான் எறங்குனவன்தான், இல்லாதவன் இல்ல.”

பரீட்சைக்கு நடுவில் ஒரு புரட்டல்

ஊரிலேயே பரீட்சை நடந்தது. ராஜம் டீச்சர் மெஷின்களை எல்லாம் ஓரம் தள்ளி, ஹாலை விட்டுக் கொடுத்தார். இரண்டு நாளும் காலையில் ஒரு தாள், மத்தியானம் ஒரு தாள். நடுவில் ஒன்றரை மணி நேரம். முதல் நாள் மணி அடித்ததும் பிலோமினா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அவர் திரும்பி வந்துவிடுவாரா என்கிற பயம்தான். மாமியார்க்காரி கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார், குரல் மட்டும் வெண்கலம். பிலோமினா கைகொடுத்துப் புரட்டப் போனார். மருமகள் மூன்று மாதமாகப் புரட்டும்போதெல்லாம் விதிகளைச் சொல்லிச் சொல்லி, அந்த அம்மாளுக்கும் பாதி மனப்பாடம் ஆகியிருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்:

“அட நான் நல்லாத்தான் படுத்திருக்கேன், போடி. காலையில எழுதுனதுல ‘ஓ’ வந்துச்சா இல்லியா, அதச் சொல்லிட்டு ஓடு.”

ஓ வந்திருந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறினார்கள். பிலோமினா முதல். மணியக்காரர் மூன்று மார்க்கில் தவறினார்; ஐயர் தன்னை வாழ்த்தத்தான் செய்கிறார் என்று தெரிந்துகொண்டதே போதும் என்றார். காகிதம் வந்த அன்றைக்கு வைத்தியர் கடைக்குப் போனேன். உலக்கையை வைத்தியரின் மருமகன் பிடித்திருந்தான். பிலோமினா அடுப்பெதிரே மணையில் உட்கார்ந்து, செய்யுளைப் பிரித்துச் சொல்லிச் சொல்லிக் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “எப்படிம்மா இருக்கு புது வேலை?” என்று கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னார்:

“சத்தம் போடாதீங்க சார், ஏழாவது சரக்குல இருக்கேன்.”

ஆக, சந்தி வாத்தியார் வேலை என்பது, ஒன்றோடொன்று ஒட்டாத பத்துப் பேரை ஓர் அறைக்குள் சேர்த்து, எண்ணி முடிக்கும் வரைக்கும் அவர்கள் டீ குடிக்கப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான், இலக்கணமெல்லாம் அதற்கப்புறம்.